தகட்டில் விளைந்த அரூபம்: கிருஷ்ணா ரெட்டியின் வாழ்வும் பணியும்

(அத்திப்பட்டில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உலோகத் தகட்டை உளியால் செதுக்கியோ அமிலத்தால் அரித்தோ பள்ளமாக்கி, அப்பள்ளங்களில் மையை நிரப்பி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து எந்திரத்தில் அழுத்தி எடுக்கும் படத்துக்குக் குழியச்சு என்று பெயர். ஐரோப்பாவில் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் இம்முறையில், வண்ணப் படம் வேண்டுவோர் பெரும்பாலும் வண்ணத்துக்கு ஒரு தகடாகச் செய்துகொண்டு, ஒன்றின்மேல் ஒன்று இம்மியும் பிசகாமல் பொருந்துமாறு பலமுறை அச்சடித்து வந்தனர். ஒரே தகட்டில் எல்லா வண்ணங்களையும் ஏற்றி ஒரே அழுத்தில் தாளுக்குக் கொண்டுவரும் வழியை 1950-களில் பாரிஸ் பட்டறை ஒன்றில் கண்டவர்களுள் ஒருவர் கிருஷ்ணா ரெட்டி (1925-2018). அவரை அரூப வெளிப்பாட்டியக் கலைஞர்களோடு சேர்த்துப் பேசும் வழக்கம் உண்டு. காணும் உருவங்களை விட்டு, கோடு, வண்ணம், கையின் வேகம் ஆகியவற்றைக் கொண்டே அகத்தின் நிலையைப் புலப்படுத்த முயன்ற அந்த இயக்கம் 1940-களில் நியூயார்க்கில் உருப்பெற்றது. ரெட்டியின் அரூபமோ கலைஞனின் உள்ளக் கொந்தளிப்பைவிட, எண்ணெய், உலோகம், ரப்பர் ஆகிய பொருள்களின் இயல்பிலிருந்தே மிகுதியும் பிறந்தது என்பதை இவ்வுரை நிறுவ முயல்கிறது.

ரெட்டி 1925 ஜூலை 15 அன்று சித்தூருக்கு அருகிலுள்ள நந்தனூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். சித்தூர் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தின் பகுதி. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருத்தணியும் அன்று சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆகவே ரெட்டியை ஆந்திரக் கலைஞர் என்றோ பாரிஸ் கலைஞர் என்றோ மட்டும் எழுதிவிட்டுப் போவது, அவர் பிறந்தபோது இந்நிலப்பரப்பு எப்படி இருந்தது என்பதை மறந்து எழுதுவதாகும். அவருடைய தந்தையார் உழவு வேலையோடு கோயில்களுக்குச் சிற்பமும் சுவரோவியமும் செய்து கொடுத்தவர். சுவரும் கல்லும் கலையின் இடங்கள் என்பது மகனுக்கு வீட்டிலேயே தெரிந்த செய்தியாக இருந்திருக்கும். பிற்காலத்தில் அவர் தகட்டைக் கையாண்ட முறையை நோக்கினால், அப்படிக் கருதுவது மிகையாகாது.

மதனப்பள்ளிக்கு அருகில் ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலி பள்ளியில் பயின்றபின், 1940-களின் தொடக்கத்தில் அவர் சாந்திநிகேதனின் கலாபவனத்தில் சேர்ந்து நந்தலால் போஸின் மாணவரானார். அக்காலத்துக் கலாபவனத்தில் சுவரோவியம் என்பது பாடத்திட்டத்தில் ஒரு மூலையில் கிடந்த பாடமன்று. மாணவர் விடுதி முதல் நூலகம் வரை கட்டடங்களின் சுவர்களே பயிற்சிக் களங்களாக இருந்தன. ரெட்டியின் மாணவப் பருவம் முடியும் வேளையில், 1946-47இல், வினோத் பிஹாரி முகர்ஜி இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அருளாளர்களின் வாழ்வை ஈரச் சுண்ண ஓவியமாகத் தீட்டினார். ஈரச் சுண்ண ஓவியம் என்பது, சுவரில் பூசிய சுண்ணக் காரை உலர்வதற்குள் நீரில் கரைத்த வண்ணத்தை அதன்மேல் தீட்டுவது. காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது வண்ணத் துகள்களையும் தன்னுள் பிடித்துக்கொள்வதால், பசையோ பிசினோ தேவைப்படுவதில்லை. கபீரும் சூர்தாசரும் துளசிதாசரும் இடம்பெறும் அச்சுவரில் திருப்பெரும்பூதூர் இராமானுசரும் இருக்கிறார் என்பது தமிழ் வாசகருக்கு உவப்பான செய்தி. ஓவியன் நினைத்ததைச் சுவர் வாங்கிக்கொள்வதில்லை. தனக்கு உரிய நேரத்தில், தன் வேதியியல் இடம்கொடுக்கும் அளவுக்கே வாங்கிக்கொள்கிறது. பொருளுக்கு அடங்கி வேலை செய்யும் இந்த ஒழுக்கத்தைக் கலாபவனம் தன் மாணவருக்குக் கற்பித்தது.

அந்தச் சுவரில் முகர்ஜிக்கு உதவியாளராக நின்றவர்களுள் ஒருவர் கே.ஜி. சுப்பிரமணியன். தமிழ்க் குடும்பத்தில், 1924இல் கேரளத்தின் கூத்துப்பறம்பில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்து, 1942 போராட்டத்தில் சிறை சென்று, 1944இல் சாந்திநிகேதனை அடைந்த அவர், பின்னாளில் அச்சோவியத்தையும் சுவரோவியத்தையும் ஒருசேர வளர்த்தார். லக்னோவின் ரவீந்திராலயத்துக்காக 1963இல் அவர் சுடுமண் ஓடுகளால் செய்த சுவர் சுமார் 81 அடி நீளமும் 9 அடி உயரமும் உடையது. ஒரே ஆசிரியரிடம், ஏறத்தாழ ஒரே காலத்தில் பயின்ற இருவரில் ஒருவர் சுவரை நோக்கியும் மற்றவர் தகட்டை நோக்கியும் சென்றனர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ரெட்டி சுவரைக் கைவிட்டவர் அல்லர். சுவரைத் தகட்டின் அளவுக்குச் சுருக்கிக்கொண்டவர் என்றே கொள்ள வேண்டும்.

1947 முதல் 1949 வரை ரெட்டி சென்னை அடையாற்றில், ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திராவில் ஓவியப் பிரிவின் தலைவராக இருந்தார். அதன்பின் இலண்டனின் சிலேட் கலைப்பள்ளியில் ஹென்றி மூரிடமும், பாரிஸில் ஒசிப் ஜாட்கினிடமும், மிலானில் மரினோ மரினியிடமும் அவர் கற்றது சிற்பம். மூவரும் இருபதாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற சிற்பிகள். ஓவியராகத் தொடங்கிச் சிற்பியாகப் பயின்ற ஒருவர் அச்சோவியராகப் பெயர் பெற்றதன் காரணம் பாரிஸில் அவர் நுழைந்த பட்டறையில் இருக்கிறது.

அதன் பெயர் அத்தெலியே 17. 1927இல் அதைத் தொடங்கிய ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் இலண்டனில் வேதியியலும் நிலவியலும் படித்தவர். 1920-களில் பாரசீகத்தின் அபாதான் நகரில் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஓவிய வரலாற்று நூல்கள் இச்செய்தியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எண்ணெயின் பாகுநிலையை அடிப்படையாகக் கொண்ட அச்சு முறை, எண்ணெயோடு பழகிய ஒரு வேதியியலாளரின் பட்டறையில் தோன்றியதைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. பட்டறையில் அவர் ஆசிரியராக அமர்ந்ததும் இல்லை. புகழ்பெற்றவரும் புதிதாய் வந்தவரும் ஒரே மேசையைச் சுற்றி நின்று சோதனை செய்வதே அங்கு வழக்கம். பிக்காசோவும் மீரோவும் ஜியாகோமெட்டியும் அங்கே தகடு செதுக்கியவர்கள்.

உலகப் போர் மூண்டதும் ஹேட்டர் பட்டறையை நியூயார்க்குக்கு மாற்றினார். அங்கே 1944-45இல் ஜாக்சன் பொல்லாக் வந்து செதுக்கச்சுத் தகடுகள் செய்தார். அரூப வெளிப்பாட்டியத்தின் முகமாக இன்று கருதப்படும் பொல்லாக்கின் வளர்ச்சியில் சுவரோவியமும் அச்சோவியமும் அடுத்தடுத்து நிற்பதை இங்கே குறிக்க வேண்டும். 1936இல் அவர் மெக்சிகோவின் சுவரோவியர் சிகெய்ரோஸ் நியூயார்க்கில் நடத்திய சோதனைப் பட்டறையில் கலந்துகொண்டு, கார்களுக்கு அடிக்கும் செயற்கைப் பெயின்டையும் ஸ்பிரே கன்னையும் ஓவியத்துக்குப் பயன்படுத்தப் பழகினார். 1943இல் கலைப் புரவலர் பெகி குகன்ஹைமின் வீட்டுக்காக ஏறத்தாழ 8 அடிக்கு 20 அடி அளவில் ‘சுவரோவியம்’ என்றே பெயரிட்ட படத்தைத் தீட்டினார். அடுத்த ஆண்டு ஹேட்டரின் பட்டறைக்கு வந்தார். செதுக்கச்சில் உளியைக் கை திருப்புவதில்லை. உள்ளங்கையால் உளியை நேரே தள்ளிக்கொண்டிருக்க, மற்றக் கை தகட்டைச் சுழற்றுகிறது. கோடு அந்தச் சுழற்சியிலிருந்து வளைகிறது. படத்துக்கு மேல் கீழ் என்ற திசை இல்லாமற் போவதற்கு இப்பயிற்சியும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. கலைஞனின் நெஞ்சிலிருந்து நேரே கொட்டியது என்று பேசப்படும் இயக்கத்தின் பின்னால் கார்ப் பெயின்டும் செப்புத் தகடும் இருந்ததை நினைவில் வைத்துக்கொண்டால், ரெட்டியின் இடம் எளிதில் விளங்கும்.

ஹேட்டர் 1950இல் பாரிஸ் திரும்பிய சில ஆண்டுகளில் ரெட்டி அங்கே சேர்ந்தார். 1957 முதல் பட்டறையை நடத்துவதில் ஹேட்டருக்குத் துணைநின்று, பின்னர் இணை இயக்குநராகி, 1976 வரை அங்கேயே பணியாற்றினார். பம்பாயில் பிறந்த கைகோ மோட்டியும் ரெட்டியும் ஹேட்டரும் 1950-களின் நடுவில் கண்ட முறையே பாகுநிலை அச்சு. ஒரு நீர்மம் தான் ஓடுவதற்குத் தானே காட்டும் எதிர்ப்பைப் பாகுநிலை என்பர். அனல்மின் நிலையத்தில் கொதிகலனை மூட்டப் பயன்படும் கனத்த எண்ணெயைச் சூடாக்கி இளக்காமல் பர்னருக்கு அனுப்ப முடியாது என்பதை அறிந்த அத்திப்பட்டு, வல்லூர் வட்டாரத்துத் தொழிலாளருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

முறை பின்வருமாறு. முதலில் துத்தநாகம் அல்லது செப்புத் தகட்டில் ஒரே ஆழத்தில் அல்லாமல், மேற்பரப்பு, நடுமட்டம், அடிமட்டம் எனப் பல மட்டங்கள் உண்டாக்கப்படுகின்றன. அமிலம், உளி, சுரண்டி ஆகியவற்றோடு மின் விசையால் சுழலும் அரைக்கும் கருவிகளையும் ரெட்டி இதற்குப் பயன்படுத்தினார். பிறகு கெட்டியான குழியச்சு மை ஆழக் கோடுகளில் திணிக்கப்பட்டு, மேற்பரப்பு துடைக்கப்படுகிறது. அடுத்து, ஆளி விதை எண்ணெய் மிகுதியாகச் சேர்த்து இளக்கிய மை, கடினமான ரப்பர் உருளையால் மெல்ல உருட்டப்படுகிறது. கடின உருளை பள்ளத்துக்குள் இறங்காது என்பதால் இந்த மை தகட்டின் மேற்பரப்பில் மட்டும் படிகிறது. மூன்றாவதாக, எண்ணெய் குறைந்த இறுகிய மை, மென்மையான உருளையால் அழுத்தி உருட்டப்படுகிறது. மென்மையான உருளை அமுங்கித் தாழ்ந்த மட்டங்களையும் தொடுவதால் மை அங்கே இறங்குகிறது. மேற்பரப்பிலோ முன்பே படிந்த எண்ணெய் மிகுந்த மை இறுகிய மையை ஏற்காமல் விலக்கிவிடுகிறது. இரு வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே கலவாமல் நிற்பது இவ்வாறுதான். உருட்டும் வரிசையை மாற்றினாலும், எண்ணெயின் அளவைச் சிறிது கூட்டினாலும் குறைத்தாலும் படம் வேறாகிவிடும். பின்னர் ஈரத் தாளும் கம்பளித் துணியும் விரித்து எந்திரத்தில் ஒருமுறை அழுத்தினால் எல்லா மட்டத்து வண்ணங்களும் ஒரே நேரத்தில் தாளுக்கு ஏறுகின்றன. மட்டங்களின் ஏற்ற இறக்கமும் தாளில் புடைப்பாகப் பதிகிறது.

இம்முறையைக் கண்டது மூவருள் யார் என்ற வழக்கு அச்சோவிய நூல்களில் இன்னும் தீரவில்லை. பட்டறையில் பலர் கைபட்டு உருவானதை ஒருவர் பெயரில் பட்டா எழுத முயல்வதால் வரும் வழக்கு அது. யார் கண்டார் என்பதைக் காட்டிலும், அதை வைத்து யார் என்ன செய்தார் என்பதே கேட்கத் தக்கது. அக்கேள்விக்கு ரெட்டி அளிக்கும் விடை தெளிவானது: பிறர் தகட்டை வண்ணம் ஏற்றும் தளமாகக் கண்டபோது, அவர் அதைப் புடைப்புச் சிற்பமாகவே செய்தார். மூரிடமும் ஜாட்கினிடமும் கற்ற சிற்பம் இங்கே வந்து சேர்கிறது. அவருடைய தகடுகளை அச்சடிக்காமல் அப்படியே சுவரில் மாட்டினாலும் அவை கலைப்பொருள்களாக நிற்கும்.

ரெட்டியின் தொடக்க காலத் தகடுகளில் மீன், பூச்சி, ஜெல்லி மீன் போன்ற உயிர்கள் வருகின்றன. ஆனால் அவை இயற்கை நூலில் காணும் படங்கள் போல் அமைவதில்லை. உயிரின் புறவடிவம் கரைந்து, அதன் அசைவு நீரில் உண்டாக்கும் விசைக்கோடுகளே எஞ்சுகின்றன. இந்தப் போக்கு உச்சம் தொட்ட படைப்பு 1963இல் வெளிவந்த ‘நீர்ச்சுழி’. நீலம் மேலோங்கிய அந்தப் படத்தில் சுழலின் மையத்தை நோக்கிக் கோடுகள் வளைந்து இழுபடுகின்றன. அருகில் சென்று பார்த்தால், ஒவ்வொரு கோடும் தொடர்ந்து ஓடாமல் நுண்ணிய புள்ளிகளாகவும் சிறு பள்ளங்களாகவும் உடைந்து நிற்பதும், ஒரு புள்ளியின் மேட்டில் ஒரு வண்ணமும் சரிவில் மற்றொன்றும் குழியில் வேறொன்றும் அமர்ந்திருப்பதும் புலப்படும். எட்ட நின்றால் கண் அவற்றைச் சேர்த்து ஒரே ஒளியாகக் காண்கிறது. பொல்லாக்கின் கோடு கை வீசிய வேகத்தில் ஒரு கணத்தில் விழுந்தது. ரெட்டியின் சுழலோ மாதக்கணக்கில் அரைத்தும் அரித்தும் பெற்றது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது நூலகத்தில் நூல்களை அடுக்குவதற்கு உதவலாம். படத்தைப் பார்ப்பதற்கு உதவாது.

1968இல் பாரிஸ் மாணவர் கிளர்ச்சியின்போது பிறந்தது ‘ஆர்ப்பாட்டக்காரர்கள்’. உயர்ந்து நிமிர்ந்த மனித வடிவங்கள் ஒன்றோடொன்று நெருங்கி, தனி முகம் இழந்து கூட்டமாகின்றன. பொருள்களின் இயல்பே அவருடைய அரூபத்தின் ஊற்று என்ற கருத்துக்கு இப்படைப்பு ஒரு தடையாகத் தோன்றலாம். வரலாறு வெளியிலிருந்து தகட்டுக்குள் நுழைந்தது இங்கே கண்கூடு. எனினும் அந்தக் கூட்டத்தை அவர் வரைந்து காட்டவில்லை. உலோகத்தில் செங்குத்தாக இறக்கிய வெட்டுகளின் அடர்த்தியால் உண்டாக்கினார். அமெரிக்கா சென்றபின் சர்க்கஸ் கோமாளியைக் கருவாகக் கொண்டு 1980-களில் செய்த ‘பெருங்கோமாளி’ வரிசையில் ஒரே தகடு வெவ்வேறு வண்ணச் சேர்க்கைகளில் அச்சாகி, பிரதிக்குப் பிரதி வேறொரு மனநிலையைத் தருகிறது. அச்சோவியத்தில் பிரதிகள் யாவும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற வணிக விதியை அவர் பொருட்படுத்தவில்லை. இது பாராட்டத் தக்கதே. ஆயினும் அவ்வரிசையின் சில பிரதிகளில் வண்ணம் தகட்டின் வடிவத்தை மீறித் தனியே கூத்தாடுவதையும் மறைக்க வேண்டியதில்லை. ‘நீர்ச்சுழி’யின் கட்டுப்பாடு அங்கே இல்லை.

1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1976இல் நியூயார்க்கில் குடியேறி, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அச்சோவியத் துறையை நடத்தினார். 1988இல் வெளியான அவருடைய நூல் தம் முறையை ஒளிவு மறைவின்றிப் பொருள்களும் செய்முறையுமாக விளக்குகிறது. தொழில் நுணுக்கத்தைப் பரம்பரைச் சொத்தாகப் பூட்டிவைக்கும் பழக்கம் கலைஞரிடையேயும் கைவினைஞரிடையேயும் நெடுங்காலமாக இருந்துவந்த நாட்டிலிருந்து சென்ற ஒருவர் அதை இவ்வாறு பொதுவில் வைத்தது சிறிய செயல் அன்று. 2016-17இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹேட்டர், ரெட்டி, ஜரீனா ஹாஷ்மி ஆகிய மூவரையும் ஒன்றாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. அலிகாரில் பிறந்த ஜரீனா 1960-களில் அத்தெலியே 17இல் பயின்றவர். ரெட்டி 2018 ஆகஸ்ட் 22 அன்று நியூயார்க்கில் காலமானார்.

சென்னையின் நவீன ஓவிய வரலாறு ரெட்டியைத் தன் பக்கங்களில் அதிகம் சேர்த்துக்கொள்ளவில்லை. கே.சி.எஸ். பணிக்கரும் அவர் 1966இல் உருவாக்கிய சோழமண்டலக் கலைஞர் கிராமமும், தனபாலும் முனுசாமியும் ஆதிமூலமும் அந்தக் கதையின் நடுவிடத்தைப் பெற்றனர். அது நியாயமே. ஆனால் அந்தக் கதை தூரிகைக்கும் பேனாவுக்கும் அளித்த இடத்தை அச்சு எந்திரத்துக்கு அளிக்கவில்லை. 1957இல் தேவகோட்டையில் பிறந்து, சென்னைக் கவின் கலைக் கல்லூரியில் பயின்று, பறத்தலையும் கால வெளியையும் கோடுகளாக அச்சிட்ட ஆர்.எம். பழனியப்பன் போன்ற சிலர் இக்குறையை ஓரளவு தீர்த்தனர். கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் சென்னை மண்டல மையத்தில் அச்சோவியப் பட்டறை இருக்கிறது. அம்மையத்தின் செயலராகவும் பழனியப்பன் பணியாற்றியவர்.

பாகுநிலை அச்சு இங்கே பரவாமைக்குக் கலைக் கோட்பாடுகளில் காரணம் தேடுவது வீண். பெரிய தடை உருளை. தகட்டின் முழு நீளத்தையும் உருளை ஒரே சுற்றில் கடந்தாக வேண்டும். இரண்டாம் சுற்று தொடங்கினால் மை மேல்படிந்து கோடு விழும். 45 சென்டிமீட்டர் நீளமுள்ள தகட்டுக்கு உருளையின் சுற்றளவும் அவ்வளவு வேண்டும். அதாவது விட்டம் 14 சென்டிமீட்டருக்கு மேல். கடினம் ஒன்று, மென்மை ஒன்று என்று குறைந்தது இரண்டு உருளைகள் தேவை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அவற்றின் விலை மாணவருக்கு எட்டாது. ஆனால் அச்சகங்களுக்கும் ஆலைகளுக்கும் இரும்புத் தண்டில் ரப்பர் ஏற்றிக் கடைந்து கொடுப்பது தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்குப் பழகிய வேலை. ரப்பரின் கடினத்தை ஷோர் அளவில் எண்ணால் குறித்துக் கொடுத்தால் அந்த எண்ணுக்கே அவர்கள் செய்து தருவார்கள். ரெட்டியின் முறைக்கு வேண்டிய இரு உருளைகளும் அந்த அளவில் இரண்டு எண்களே. கும்மிடிப்பூண்டியிலோ அம்பத்தூரிலோ ஒரு பட்டறைக்கு அவற்றை எழுதிக் கொடுப்பது எந்தக் கலைக் கல்லூரிக்கும் இயலாத செயல் அன்று.